8 பூக்கள், 32 பக்கங்கள்: டோரா பெயாச்செவிச்சை அச்சில் ஏற்றிய அனுபவம்

பியானோ வாசித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அதே இடத்தில் மூன்றாவது தடவையாக நின்றாள். "இது ஷார்ப்பா, நேச்சுரலா?" என்று தாளில் விரலை வைத்தாள். ஷார்ப் என்றால் சுரத்தை அரைப் படி உயர்த்த வேண்டும், நேச்சுரல் என்றால் இயல்பாகவே விட வேண்டும். குனிந்து பார்த்தேன். ஷார்ப் குறியின் நடுவே இருக்க வேண்டிய சின்ன வெள்ளைக் கட்டம் அடைபட்டு, நாலு பக்கமும் நீட்டியிருக்க வேண்டிய கோடுகள் தேய்ந்து, ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்த தாள். எத்தனை கை மாறி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

2023 மார்ச் மாதம் அது. நான் குடியிருப்பது குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபின் ட்ரெஷ்னியெவ்கா பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தில். எங்களுக்குக் கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இங்கே இசைப் பள்ளி ஆசிரியைகளை ‘ப்ரொஃபெசோரிட்சா’ என்பார்கள். கூப்பிடும்போது அது ‘ப்ரொஃபெசோரிட்சே’ என்று மாறும். குரோஷிய மொழியிலும் விளி வேற்றுமை உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டதே அவரைக் கூப்பிட்டுத்தான். இந்தப் பதிவில் அவரை டீச்சர் என்றே சொல்கிறேன்.

டீச்சரின் மாணவி அன்று வாசித்தது குரோஷிய இசையமைப்பாளர் டோரா பெயாச்செவிச்சின் ‘பூக்களின் வாழ்வு’ தொகுப்பில் ஒரு பீஸ். பூவுக்கு ஒன்றாக 8 சின்னப் பியானோ இசைத் துண்டுகள் கொண்ட தொகுப்பு அது. டோரா இறந்து அந்த மாதம் 5ஆம் தேதியோடு 100 வருடம் நிறைந்திருந்தது. பள்ளியில் நினைவு நிகழ்ச்சி. வாசிக்கப் பிள்ளை இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, கண்ணால் படிக்கக்கூடிய தாள் இல்லை. நல்ல பதிப்பு ஒன்று பள்ளி நூலகத்தில் இருந்ததாம். ஒரே பிரதி. யார் எடுத்துப் போனார்களோ, திரும்பி வரவில்லை.

டோரா யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1885-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். வளர்ந்தது கிழக்கு குரோஷியாவில், ஸ்லவோனியாவின் நாஷிட்சே என்ற சின்ன ஊரில், குடும்ப மாளிகையில். அப்பா பிரபு வம்சம். குரோஷியாவின் ‘பான்’, அதாவது ஆளுநர் பதவியில் இருந்தவர். அம்மா ஹங்கேரியப் பிரபுக் குடும்பம், பியானோ நன்றாக வாசிப்பவர். டோரா 1913-ல் எழுதி முடித்த, பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பியானோ கன்சேர்டோதான் குரோஷிய இசையமைப்பாளர் ஒருவர் எழுதிய முதல் பியானோ கன்சேர்டோ. முதல் உலகப் போர் வந்ததும் நாஷிட்சேயில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நர்ஸாக வேலை பார்த்தார். அதே வருடங்களில்தான் தன் ஒரே சிம்ஃபனியையும் எழுதினார். அது 1920-ல் ட்ரெஸ்டனில் முழுதாக அரங்கேறியது. 1923-ல் மகன் பிறந்து சில வாரங்களில் ம்யூனிக்கில் இறந்தார். அப்போது வயது 37.

அதற்கப்புறம் நீண்ட மௌனம். கையெழுத்துப் பிரதிகள் ஸாக்ரெபில், 1827-லிருந்து இருந்துவரும் குரோஷிய இசைக் கழகத்தில் பத்திரமாக இருந்தன. பத்திரமாக இருந்தால் போதுமா? பெட்டிக்குள் இருக்கும் இசையை யாராலும் வாசிக்க முடியாது. கொரால்கா கோஸ் என்ற இசையியலாளர் பல வருடம் உழைத்து அவருடைய வாழ்க்கையையும் படைப்புகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஸாக்ரெபிலேயே ஒவ்வொன்றாகப் புதுப் பதிப்புகளும் வந்தன. ஆர்க்கெஸ்ட்ராவில் ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பகுதி தெளிவாக அச்சடித்து வைக்கப்பட வேண்டும். அது இருந்ததால்தான் 2022-ல் சக்காரி ஓராமோ நடத்த, பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா அந்தக் கன்சேர்டோவையும் சிம்ஃபனியையும் ஒலிப்பதிவாக வெளியிட முடிந்தது.

இந்த நாட்டில் இது புதுக் கதை இல்லை. ஷிபெனிக் நகரத்துப் பாதிரியார் இவான் லுகாச்சிச் 1620-ல் வெனிஸில் தன் மோட்டெட்டுகளை, அதாவது தேவாலயப் பாடல்களை, அச்சிட்டார். அப்புறம் 300 வருடம் யாரும் அவற்றைப் பாடவில்லை. 1935-ல் டிராகன் பிளாமெனாட்ஸ் என்ற ஆய்வாளர் அவற்றில் சிலவற்றை எடுத்து ஸாக்ரெபில் புதிதாக அச்சிட்ட பிறகுதான் பாடகர் குழுக்கள் லுகாச்சிச் என்ற பெயரையே கேள்விப்பட்டன. டீச்சர் இதைச் சொல்லும்போதெல்லாம் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார்.

நான் ஊரில் இருந்தபோது 11 வருடம் டி.டி.பி. வேலை பார்த்தவன். பியானோவில் கிரேடு தேர்வுகள் சிலதும் எழுதியிருக்கிறேன். டீச்சருக்கு இது தெரியும். அன்று அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அச்சு வேலை தெரியும்தானே? நாமே செய்தால் என்ன?" என்றார். சரி என்றேன். மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது.

முதலில் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இசையமைப்பாளர் இறந்த வருடத்திலிருந்து 70 வருடம் காப்புரிமை. டோராவுக்கு அது 1993 கடைசியோடு முடிந்தது. ஆகவே இசை எல்லோருக்கும் சொந்தம். ஆனால் ஒரு பதிப்பாசிரியர் அண்மையில் ஒப்பிட்டுத் திருத்தி வெளியிட்ட பதிப்பு அவருடைய உழைப்பு. அதைப் பார்த்து அடிப்பது தவறு. எனவே பழைய அச்சின் தெளிவான ஸ்கேன் ஒன்றை மட்டுமே மூலமாக வைத்துக்கொண்டோம். ஆய்வுப் பதிப்பு வேண்டும் என்பவர்கள் ஸாக்ரெபில் வந்த பதிப்புகளைக் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை. நாங்கள் செய்ய நினைத்தது வேறு. மாணவர்கள் ஸ்டாண்டில் வைத்து வாசிக்க, தாராளமாக நகல் எடுக்க, கண்ணை உறுத்தாத ஒரு புத்தகம். பிடிஎஃப் இலவசம், அச்சுப் பிரதி அடக்க விலைக்கு.

இதையே யோசிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இதுவரை அச்சிலேயே வராத பழைய கையெழுத்துப் பிரதியை, காப்புரிமை முடிந்தபின் முதன்முதலில் சட்டப்படி வெளியிடுபவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 25 வருட உரிமை தனியாகக் கிடைக்கும். அதாவது 18ஆம் நூற்றாண்டு இசையாக இருந்தாலும், போன வருடம் முதல் முறையாக அச்சில் வந்திருந்தால் கேட்காமல் கை வைக்கக்கூடாது.

இசைக்குறிகளை அச்சுக்குக் கோக்க நாங்கள் எடுத்த மென்பொருள் மியூஸ்ஸ்கோர் 4. இலவசம், எனக்கு அதுவே போதும். சுரங்கள் உட்காரும் ஐந்து கோட்டின் மொத்த உயரத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். வழக்கமான அளவு 7 மில்லிமீட்டர், அதாவது கோட்டுக்குக் கோடு 1.75. டீச்சரின் கண்ணுக்கும் மாணவர்களுக்கும் 7.2 நன்றாக இருந்தது. கோட்டுக்கு நடுவில் 0.05 மில்லிமீட்டர் கூடினால் என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். பக்கத்துக்கு ஒரு வரி குறைந்துவிடும், அது போதும் மொத்தக் கணக்கும் மாற.

சுரங்களை உள்ளிடுவது பெரிய வேலை இல்லை. ஒரு மாதத்தில் 8 பீஸும் ஏறிவிட்டன. அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் நிஜ வேலை. சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் ஸ்லர் வளைவு, எந்த விரலால் வாசிப்பது என்று காட்டும் விரல் எண்ணின் மேல் ஏறும். பெடல் குறி கீழே இருக்கும் சுரத்தைத் தொடும். சத்தம் மெல்ல ஏறுவதைக் காட்டும் கிரெஷெண்டோவின் விரியும் கோடு ஒரு வரியில் முடியாமல் அடுத்த வரிக்குத் தாவும். மென்பொருள் தானாக வைப்பது நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் சரியாகவே இருக்கும். மீதிப் பத்தைக் கையால் நகர்த்த வேண்டும். இரண்டு கைக்கும் நடுவே உள்ள வெள்ளை இடத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் குறிகள் நிற்க வேண்டும். ஆனால் இந்த இசையில் இடது கை மேலே ஏறி வந்து அந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும். நான் திரும்பத் திரும்ப அரைக் கோட்டு அளவு மேலே, அரைக் கோட்டு அளவு கீழே என்று நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் எடுத்து, பியானோ ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்பேன். திரையில் அழகாக இருப்பது ஸ்டாண்டில் முக்கால் மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் கூட்டமாகத் தெரியும். திரையை நம்பக்கூடாது.

மூலத்தில் இல்லாத எதைச் சேர்த்தாலும் அது தெரிய வேண்டும் என்பது டீச்சரின் கண்டிப்பு. நாங்கள் சேர்த்த குறிகள் சதுர அடைப்பில், நாங்கள் சேர்த்த ஸ்லர்கள் புள்ளிக் கோட்டில். விரல் எண்களில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். டீச்சர் 40 வருடம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் எல்லாச் சுரத்துக்கும் எண் எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றையும் போட்டால் பக்கம் மளிகைக் கணக்கு மாதிரி ஆகிவிடும் என்றேன். அவருக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே மேலே ஏறிவந்து, "கை இடம் மாறும் இடத்தில் மட்டும் போடுங்கள்" என்றார். அதுதான் சரியான அளவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

மெய்ப்பு பார்க்கும்போது நான் மாட்டிக்கொண்ட இடம் சுரப் பெயர்கள். இங்கே ஜெர்மன் வழக்கம். நாம் கிரேடு தேர்வுக்குப் படிக்கும்போது ‘பி’ என்று சொல்லும் சுரம் இங்கே ‘ஹா’. இங்கே ‘பே’ என்றால் அது பி ஃப்ளாட், அதாவது அரைப் படி தாழ்ந்த பி. எழுதும்போது அந்தப் ‘பே’ அதே ஆங்கில ‘பி’ எழுத்துதான். மூலம் மங்கலாக இருந்த இடங்களை நான் பட்டியல் போட்டு டீச்சரிடம் கொடுப்பேன். பக்கம், வரி, பார் (வரியில் குறுக்குக் கோடுகளுக்கு நடுவே உள்ள தாளக் கட்டம்), எந்தக் கை என்று எழுதி, எதிரே காலியிடம் விட்டிருப்பேன். அவர் பென்சிலால் ஒற்றை எழுத்தில் விடை எழுதித் தருவார். ‘பி’ என்று இருந்த இடத்திலெல்லாம் நான் நேச்சுரலை வைத்துவிட்டேன். டீச்சர் அந்தப் பிரிண்டை வாசித்துப் பார்த்து, முகம் சுளித்து, "யார் இதை எழுதியது?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. பட்டியலை எடுத்து முழுவதும் சரிபார்த்தோம். நாலு இடம் கிடைத்தது. நாலோடு முடிந்தது என்று நம்பினோம்.

அடுத்தது எழுத்து. இசைத்தாளில் எழுத்து என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பெயாச்செவிச் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் ‘ச்’ அழுத்தமானது, அதற்கு எழுத்தின் தலையில் ஒரு கொக்கி. கடைசியில் வரும் ‘ச்’ மென்மையானது, அதற்குத் தலையில் ஒரு சாய்கோடு. குரோஷியர்களில் பலருக்கே பேசும்போது இரண்டும் ஒன்றாகத்தான் வரும், ஆனால் எழுத்தில் மாற்றினால் உடனே கண்ணில் குத்தும். வெளிநாட்டு நிகழ்ச்சிநிரல்களில் இரண்டையும் உதிர்த்துவிட்டு மொட்டையாகப் போடுவதைப் பார்த்து டீச்சர் வருத்தப்படுவார். நான் தலைப்புக்குத் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் கொக்கி இருந்தது, சாய்கோடு வைத்த எழுத்து இல்லை. கணினி அந்த ஒரு எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி வைத்திருந்தது. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக நிற்கும் தமிழ்ப் பக்கங்களைத் திருத்திப் பழகிய கண்ணுக்கு அது சட்டென்று பட்டுவிட்டது. எழுத்துருவையே மாற்றினேன்.

இதைவிட நுட்பமான ஒன்று மூன்றாவது பீஸின் தலைப்பில் ஒளிந்திருந்தது. லில்லி ஆஃப் தி வேலி என்ற அந்தப் பூவின் குரோஷியப் பெயர் ‘ஜுர்ஜிட்சே’. முதலெழுத்து, குறுக்கே கோடு போட்ட பெரிய ‘டி’. ஐஸ்லாந்து மொழியிலும் பார்வைக்கு அச்சு அசலாக இதே போன்ற பெரிய எழுத்து ஒன்று உண்டு, ஆனால் கணினிக்கு அது வேறு எண். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியபோது ஐஸ்லாந்து எழுத்து வந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய எழுத்தாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. பக்கத்தின் தலையில் ஓடும் சின்னத் தலைப்பை எல்லாம் சிறிய எழுத்தாக மாற்றியபோதுதான், வளைந்த முதுகோடு முற்றிலும் வேறு எழுத்து ஒன்று எட்டிப் பார்த்தது. யூனிகோட் எண்ணைச் சரிபார்க்காமல் குரோஷியத் தலைப்பு எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். எண் தப்பாக இருந்தால், தேடுபவருக்கு அந்தப் பெயர் கிடைக்கவே கிடைக்காது.

தலைப்புகளை டோரா வைத்தது ஜெர்மனில். நாங்கள் குரோஷியம், ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும் போட்டோம். பூக்கள் வருடத்தில் மலரும் வரிசையில்தான் 8 பீஸும் நிற்கின்றன. பனி உருகும்போது தலைகாட்டும் ஸ்னோடிராப், அப்புறம் வயலட், லில்லி ஆஃப் தி வேலி, ஃபர்கெட்-மீ-நாட், ரோஜா, சிவப்புக் கார்னேஷன், லில்லி, கடைசியில் சாமந்தி. முதல் பூவுக்குக் குரோஷியத்தில் ‘விசிபபா’ என்று பெயர். சொல்லைப் பிரித்தால் ‘தொங்குகிற பாட்டி’. பிப்ரவரியில் டோலாட்ஸ் சந்தையில் இதைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி விற்பார்கள். தலை கவிழ்ந்து நிற்பதைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

கடைசிப் பூவைப் பற்றித்தான் நான் நிறைய யோசித்தேன். நமக்குச் சாமந்தி மாலையில் கட்டும் பூ, வாசலிலும் பூஜையிலும் கல்யாணத்திலும் இருக்கும் பூ. இங்கே அது கல்லறைப் பூ. நவம்பர் 1, அனைத்துப் புனிதர் தினத்தன்று ஸாக்ரெபின் மிரோகோய் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் விளக்குமாக இருக்கும். இந்த ஊரில் யாருடைய பிறந்தநாளுக்கும் சாமந்தி வாங்கிக்கொண்டு போகாதீர்கள் என்று வந்த புதிதில் எனக்குச் சொன்னவர் டீச்சர்தான். இதை முன்னுரையில் இரண்டு வரியாகச் சேர்த்தோம். வேறு நாட்டில் இருந்து வாசிக்கும் பிள்ளைக்கு, 8ஆவது பீஸை எந்த மனநிலையில் தொடுவது என்று அந்த இரண்டு வரி சொல்லிவிடும் என்பது என் எண்ணம். முன்னுரையில் மீதி எல்லாம் சுருக்கம்தான். டோராவின் வாழ்க்கை அரைப் பக்கம், பெயரை உச்சரிப்பது எப்படி என்று மூன்று வரி. நாஷிட்சே மாளிகை இப்போது அருங்காட்சியகம், அங்கே டோராவுக்கு ஒரு நினைவு அறை இருக்கிறது என்ற தகவலையும் சேர்த்தோம்.

பக்கம் திருப்புவதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பியானோ வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். வலப் பக்கத்தின் கடைசிப் பாரில் ஏதாவது ஒரு கை அரை நொடியாவது சும்மா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இசை அங்கே ஒடியும். இரண்டு பக்கத்தில் அடங்கும் பீஸை இடப் பக்கத்தில் தொடங்கினால் திருப்பவே வேண்டாம். மூன்று பக்கம் போனால், எந்தப் பாரில் உடைப்பது என்று தேட வேண்டும். ஒரு பீஸில் அப்படி ஓர் இடமே கிடைக்கவில்லை. வரியை நெருக்கினால் கண் திணறுகிறது, விரித்தால் அடுத்த பீஸ் தப்பான பக்கத்தில் போய் விழுகிறது. கடைசியில் ஒரு பக்கத்தை வெறுமையாகவே விட்டோம். ‘பக்கம் திருப்புவதற்காகக் காலியாக விடப்பட்டது’ என்று கீழே ஒரு வரி. அச்சகத்தில் இருந்தவர், ஏதோ விடுபட்டிருக்கிறது என்று கூப்பிட்டு விசாரித்தார். மொத்தக் கணக்கு 32 பக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு 4-ஆல் வகுபட வேண்டும், வகுபட்டது.

இனி காகிதம். இங்கேதான் எனக்கு 11 வருட அனுபவம் கைகொடுக்கவில்லை. கதைப் புத்தகம் கையில் பிடித்துப் படிப்பது, இசைப் புத்தகம் ஸ்டாண்டில் தானாகத் திறந்து நிற்க வேண்டியது. முதலில் சோதனைக்காக ஓர் அச்சகத்தில் 5 பிரதி அடித்து வாங்கினோம். 80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள வெள்ளைத் தாள். ஸ்டாண்ட் விளக்கைப் போட்டதும் பின்பக்கத்துச் சுரங்கள் முன்பக்கத்து வெள்ளையில் நிழலாகத் தெரிந்தன. அது ஒன்று. அதைவிட மோசம், புத்தகம் திறந்து நிற்கவே இல்லை. டீச்சரின் மாணவி வாசிக்க ஆரம்பித்து நாலாவது பாரில் வலப் பக்கம் மெல்ல எழுந்து மூடிக்கொண்டது. கையால் அழுத்திவிட்டாள். மறுபடி எழுந்தது.

காரணம் காகிதத்தின் இழையோட்டம். ஆலையில் காகிதம் ஓடும் திசையில் இழைகள் படுத்திருக்கும். மடிப்பு அந்த இழைக்கு இணையாக இருந்தால் தாள் பணிந்து மடியும். குறுக்கே இருந்தால் வில் மாதிரி திமிறும், மடிப்பில் வெடிப்பும் விழும். டிஜிட்டல் அச்சகங்களில் பொதுவாக வைத்திருக்கும் 320-க்கு 450 மில்லிமீட்டர் தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். அதில் ஏ4 புத்தகத்துக்கு மடிப்பு விழுவது குறுக்கே. இழை அகலவாக்கில் ஓடும் தாள் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தால் தாள் சுருளும். சுருளின் குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் இழையின் திசை. கிழித்தும் பார்க்கலாம். இழையோடு நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகக் கிழியும். அன்று டீச்சர் வீட்டு அடுப்படி மேஜை முழுக்க ஈரத் தாள்.

இசைப் புத்தகத்துக்கு ஏ4-ஐவிடச் சற்று அகலமான அளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து அந்தத் தாளின் 450-ஐத் தாண்டினால் பெரிய இயந்திரத்துக்குப் போக வேண்டும். 150 பிரதிக்கு அது கட்டாது. ஏ4-லேயே நின்றோம். வெள்ளைக்குப் பதில் லேசான கிரீம் நிறம், 120 ஜி.எஸ்.எம்., இழை மடிப்போடு. இரண்டாவது சோதனைப் பிரதியை ஸ்டாண்டில் வைத்து அதே பெண்ணிடம் கொடுத்தோம். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பக்கம் அசையவில்லை. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் காபி போட எழுந்துபோனார்.

புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். மாதிரி இசைத்தாளுக்கு ஐ.எஸ்.எம்.என். என்று தனி எண் உண்டு. 13 இலக்கம், எப்போதும் 979-0 என்றுதான் தொடங்கும். குரோஷியாவில் அதைக் கொடுப்பது ஸாக்ரெபில் உள்ள தேசிய, பல்கலைக்கழக நூலகம். இந்த எண் இருந்தால்தான் வெளிநாட்டு நூலகத்தின் பட்டியலிலும் இசைக் கடையின் கணினியிலும் நம் புத்தகம் புத்தகமாக ஏறும். எண் இல்லாத நோட்டை நூலகர் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்.

2024 மே மாதம் 150 பிரதி வந்து இறங்கியது. ஒன்றுக்கு அச்சுச் செலவு 4 யூரோவை ஒட்டி வந்தது. யாருக்கு அனுப்புவது என்பதில் நான் முதலில் பெரிய பெயர்களைத்தான் நினைத்தேன். புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் மேடையில் வாசித்தால் போதுமே என்று. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரியவர்களுக்குத் தினமும் பத்துப் புத்தகம் தபாலில் வரும். சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அனுப்புங்கள். ஒரு ஆசிரியை ஒரு பீஸை எடுத்துக்கொண்டால் முப்பது வருடம் விடமாட்டார்" என்றார். அவர் சொன்னபடியே 40 பிரதி குரோஷியாவின் சின்ன ஊர்களில் இருக்கும் இசைப் பள்ளிகளுக்கும், 30 பிரதி வெளிநாட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கும் அவருடைய பழைய மாணவர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் போயின. ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய ஒரு சீட்டு: எந்த பீஸ் எந்த நிலை மாணவருக்குச் சரிவரும், எதை முதலில் தொடலாம் என்று. முதலில் வயலட். இரண்டே பக்கம், பக்கம் திருப்பும் கவலை இல்லை, பிள்ளைக்கு ஒரு மாதத்தில் கைவசமாகிவிடும்.

தபாலில் அனுப்பி மூன்றாவது வாரம் டீச்சர் என்னைக் கீழே கூப்பிட்டார். பியானோவில் எங்கள் புத்தகம் திறந்திருந்தது. ஒரு பீஸின் இடது கையில் ஒரு சுரத்தைக் காட்டி, "வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். பி நேச்சுரல். "மூலத்தில்?" ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஃப்ளாட். பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தால், டீச்சரின் பென்சில் எழுத்து அங்கே இருக்கிறது. ஐந்தாவது ‘பி’. நாங்கள் இருவரும் எத்தனை தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்போம். டீச்சருக்கு அந்த பீஸ் மனப்பாடம். கண் தாளில் இருந்தாலும் கை சரியான சுரத்தைத்தான் வாசித்திருக்கிறது. அதனால்தான் பிடிபடவில்லை.

கையில் மீதியிருந்த 80 பிரதியையும் அடுப்படி மேஜையில் அடுக்கினோம். நேச்சுரல் குறியை முனை கூர்மையான பிளேடால் மெல்லச் சுரண்டி, 0.1 மில்லிமீட்டர் பேனாவால் ஃப்ளாட் எழுதினேன். 120 ஜி.எஸ்.எம். தாள் சுரண்டலைத் தாங்கியது. 80 ஜி.எஸ்.எம். தாளாக இருந்தால் தாங்கியிருக்காது. டீச்சர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினார். இரண்டு மாலை வேலை. பிடிஎஃப்பை அன்றே திருத்தி, பதிப்புத் தேதியை மாற்றி ஏற்றினோம். அனுப்பிய 70 பேருக்கும் பக்கம், வரி, பார் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினோம். திருத்திய இரண்டாம் அச்சுக்கும் கையோடு சொல்லிவைத்தோம்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. போர்ச்சுகலில் இருந்து டீச்சரின் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார்: "அந்த இடத்தில் நான் ஃப்ளாட்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், ப்ரொஃபெசோரிட்சே. தாளில் வேறாக இருப்பதை உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கவனித்தேன். பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸிலும் திருத்திவிடுகிறேன்."

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதினேன். ஆறு பேர் என்றார். இரண்டாம் அச்சு வந்த அன்றே ஆறு பிரதியைக் கட்டித் தபாலில் சேர்த்தோம்.